பத்திரமா வச்சிருக்கோம்

திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். கந்தர்வக்கோட்டை வரை பஸ்ஸில் நின்றபடி. செருப்பு வார் அறுந்தது.

9-பி. ஆங்கிலம். பாடம்: 'கீப்'. போர்டில் எழுதியவை:
கீப் கொயட் – பேசாமல் இரு.
கீப் ஹென்ஸ் – கோழி வளர்.
கீப் எ ப்ராமிஸ் – சொன்ன சொல்லைக் காப்பாற்று.
கீப் எ டைரி – தினமும் எழுது. (இதோ.)
பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "வச்சுக்க" என்றே எழுதியிருக்கிறார்கள். கோழியை வச்சுக்க. திருத்தித் திருத்திக் கை வலி.

மதியம் தாளாளர் அறை. அரசுப் பள்ளி வேலைக்கு வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினலைக் கேட்டேன். சேரும்போதே வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார். இங்கே எல்லா டீச்சருக்கும் அப்படித்தான்.
"பத்திரமா வச்சிருக்கோம்மா. வருசம் முடியட்டும், வாங்கிக்கங்க."
வெள்ளியை விட்டால் வேலை போச்சு. அவருக்கும் தெரியும். சீ.

செவ்வாய்
புழுக்கம். புளிச்சோறு ஊசிவிட்டது. மறுபடி கேட்டேன்.
"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." வாய் நிறைய வெற்றிலை, ஓரத்தில் சிவப்பு ஒழுகல். குமட்டல். "சரிங்க சார்" என்று திரும்பி வந்த என்னை நினைத்தால் அதைவிடக் குமட்டல்.

கணக்கு டீச்சர் கலா அக்கா: "விடு புள்ள. எனக்கு கவர்மெண்டு வேலை வந்தப்பவும் இதே கதைதான். அழுதுட்டு அடங்கிட்டேன்."
தூக்கம் இல்லை.

வியாழன்
நேற்று எழுதவில்லை. காற்று, புழுதி.

அட்மிஷன் கூட்டம். தாளாளர் அறையில் பெற்றோர் நிறையப் பேர். நடுவில் புகுந்து உரக்கக் கேட்டேன்.
"என் சர்டிபிகேட்ட எப்ப சார் தருவீங்க?"
கீரமங்கலத்திலிருந்து வந்த ஒரு அப்பா எழுந்தார்.
"டீச்சருதையே புடிச்சு வச்சுக்கிட்டா, எங்க புள்ள டி.சி.ய எப்பிடிங்க தருவீங்க?" பணம் கட்டாமல் மகளோடு கிளம்பிவிட்டார். இன்னும் இரண்டு பேர் பின்னாலேயே.
தாளாளர் சாவியை மேசையில் எறிந்தார். "எடுத்துத் தொலைங்க."

பத்திரமாம். பீரோ முழுக்கக் கரப்பான் புழுக்கை. என் டிகிரி மேல் டீ டம்ளர் வட்டம். அடியில் கலா அக்காவுடையது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

ஸ்டாஃப் ரூமில் அக்காவிடம் நீட்டினேன். பிரித்துப் பழைய போட்டோவைப் பார்த்தார்.
"வயசு வரம்பு தாண்டிருச்சு புள்ள. எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க."
அவர் டிபன் பையில் திணித்துவிட்டு பஸ் ஏறினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறுகிறது.