நலமுற்றோர் வரிசையில் நின்ற எழுவர்

‘எங்க ஆத்தா தேறி ஊர் திரும்பிடுச்சுன்னு படிக்கிறீங்களே, அது எந்த ஊருங்க?’

சென்ற தை மாதம் கொற்றையூர்க் கோயில் மண்டபத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட இக்கேள்வியை, அவள் சொன்னபடியே முதலில் எழுதுகிறேன்.

மழை தப்பாது பொழிக. மன்னுயிர்ப் பிணி நீங்குக. நெடுவரை நாடாளும் கோமானின் ஆணையால், அரசோலைகளுக்கு முத்திரையிடும் ஓலைநாயகம் மாறன்பூதி, இருபத்தேழு ஊர்களின் ஆதுலர்சாலைகளில் நோயாளரைக் காத்துவரும் பெருந்தகையீர் அனைவருக்கும் வணங்கி விடுப்பது. உங்கள் கூடங்களில் படுத்திருப்போர் எழுந்து நடப்பாராக.

நம் நாட்டில் எந்த மருத்துவ ஏடும் மண்டபத்தில் பலரறிய அரங்கேறி, கேட்போர் ஐயம் தீர்ந்த பின்னரே முத்திரை பெறும் என்பதை அறிவீர். தலைமை மருத்துவர் நக்கண்ணனாரின் நீலவேர்க் கஷாய ஏடும் அவ்வாறே அரங்கேறியது. குளிர்காய்ச்சல் கண்ட நாற்பதின்மரும் அக்கஷாயத்தால் நலமுற்று ஊர் திரும்பினர் என்று கூறிய அவ்வேட்டில், அவர்தம் பெயர்களும் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. சேந்தி என்னும் பெயர் வந்தபோது அவள் மகள் வெண்ணி எழுந்து அவ்வாறு கேட்டாள். அவையோர் சிரித்தனர். முத்திரையைக் கையில் வைத்திருந்த நான் அக்குழந்தைக்கு வெல்லக்கட்டி ஒன்றைக் கொடுத்து அமர்த்தினேன். அன்பு செய்ததாகவே எண்ணினேன். பிறகு முத்திரையிட்டேன்.

ஆவணியில் சுடலைக் காவலர் மாதையன் என்னைத் தேடி வந்தார். கஷாயம் குடித்த மூன்றாம் நாள் இரத்தம் கக்கி இறந்த சேந்தி முதலிய எழுவருக்குத் தாமே தீ மூட்டியதாகவும், தொற்றுக்கு அஞ்சி உறவினர் எவருக்கும் அது தெரிவிக்கப்படவில்லை என்றும், தாயைக் கண்டதுண்டா என்று வெண்ணி தம்மிடம் கேட்டு வந்தபோதே ஏட்டின் செய்தியை அறிந்ததாகவும் கூறினார். சுடலையார் மண்டபம் ஏறுவது நம் வழக்கமன்று. மெய்யறிந்த ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு ஐயம் தீர்ந்தது என்றோம்.

நான் சென்று வினவ, அவ்வெழுவர் எப்படியும் இறந்திருப்பர் என்றும், நாற்பது என்னும் நிறைந்த எண்ணைக் குலைக்க மனம் வரவில்லை என்றும் நக்கண்ணனார் விடையிறுத்தார். அவ்வேட்டை நம்பி நீங்கள் எத்தனை பேருக்கு ஊட்டினீரோ, அறியேன்.

ஐப்பசி மழையோடு காய்ச்சல் மீண்டும் வரும். ஆகவே இவ்வோலை கண்டபொழுதே கஷாயத்தைக் கொட்டுக. ஏட்டை எரிக்க வேண்டா. ஆற்றில் விடவும் வேண்டா. ஏடு மறைந்தால், மனப்பாடமாக அறிந்தவன் அதனை மெய்யென்றே சொல்லித் திரிவான். அதன் குறுக்கே செந்நூல் கட்டி, இவ்வோலையோடு வரும் எழுவர் பெயரையும் எழுதி, முன்பிருந்த சுவடிக்கட்டிலேயே வைக்க. எந்த மண்டபத்தில் எந்த முரசோடு படித்தீரோ, அங்கே அதே முரசோடு இதனையும் படிக்க. இனிச் சுடலைக் காவலர் அவையில் அமராமல் எந்த மருத்துவ ஏடும் அரங்கேறாது. குழந்தை ஒன்று எழுந்து கேட்டால் முரசை நிறுத்துக. நக்கண்ணனாரை எவரும் வைய வேண்டா. அவர் இனி எழுத்தாணி தொடார், நோயாளருக்கு வெந்நீர் ஏந்துவார்.

இது கோமான் ஆணை. முத்திரை என்னுடையது, இதன்பின் அதனை வேறொருவர் தாங்குவார். சாட்சி, மாதையன்.

வெண்ணிக்கு நான் ஒரு விடை கடன்பட்டிருந்தேன். நேற்று நண்பகலில், என்னோடு வந்த வீரரை ஊரெல்லையில் நிறுத்திவிட்டு அவள் வீட்டிற்குத் தனியே சென்றேன். தாய்க்கென்று அவள் மூடிவைத்த கஞ்சிக்கலயம் அடுப்படியில் இருந்தது. அதனருகே அமர்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அதற்குச் சாட்சி எவருமில்லை.