பூட்டாமல் விட்ட தலைப்பு

2004 பிப்ரவரி 9, திங்கள்

சுரங்கத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் ஹீட்டர் மறுபடியும் படுத்துவிட்டது. கோட்டைக் கழற்றாமலே டைப் செய்தேன்.

ஆர்வோ நிஸ்கனென் வந்தார். சுரங்கத்துக்குள் காற்றை அளப்பவர். மூன்றாம் மட்டத்தில் தூசி வரம்பைத் தாண்டிவிட்டதாம்; மேலே போகும் அறிக்கையில் மட்டும் எண்கள் குறைந்துவிடுகின்றனவாம். உண்மைக் கணக்கு அவருடைய கம்பெனி கணினியில் இருக்கிறது. வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். மெயிலில் அனுப்பினால் படித்துவிடுவார்கள்.

"படிக்க முடியாதபடி அனுப்ப வழி இருக்காம். உன் பக்கம் நீ அதைப் போட்டு வை, கொலெட்" என்றார்.

நானா? மெயிலின் அடியில் என் பெயர் வரவைக்கவே தலைவி டெனிஸ் உதவ வேண்டியிருந்தது.

பிப்ரவரி 10

டொரன்டோ சங்கத்துக்காரர் போனில் சொல்லச் சொல்ல மெயில் மென்பொருளின் அமைப்புகளை மாற்றினேன். இரண்டு சாவிகள் பிறந்தன. ஒன்று பூட்ட மட்டும், ஊருக்கே கொடுக்கலாம். மற்றது திறக்க, என்னிடம் மட்டும். பூட்டியவரே நினைத்தாலும் திறக்க முடியாது! இதை யார் யோசித்தார்களோ. எத்தனை முறை நினைத்தாலும் மனம் நம்ப மறுக்கிறது.

பூட்டும் சாவியை ஆர்வோவுக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 12

வந்துவிட்டது. திரை நிறையக் குப்பை எழுத்து. கடவுச்சொல்லைத் தட்டினேன் — குப்பை கலைந்து ஆர்வோவின் எண்கள் வரிசையாக நின்றன.

மாலைக்குள் தொழிலாளர் அமைச்சகத்து ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டேன், அவருடைய சாவியால் பூட்டி.

பிப்ரவரி 16

ஐயோ. தலைப்பு.

சாவி அனுப்பிய மெயிலில் "மூன்றாம் மட்டத்துக் காற்று" என்று தலைப்பு போட்டிருந்தேன். ஆர்வோ அதற்கே பதில் போட்டிருக்கிறார். உள்ளே இருப்பதைத்தான் பூட்டுமாம். தலைப்பும் முகவரியும் திறந்தே போகுமாம். எனக்கெப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்கணும். கம்பெனிக்காரங்க அதைப் பார்த்துட்டு ஆர்வோவை இடைநீக்கம் பண்ணிட்டாங்க. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷந்தான் அந்த மனுஷனுக்கு.

"அழுது என்னடி ஆகப்போகுது? நாளைக்கு விசாரணை. முகத்தைக் கழுவிட்டு வந்து உக்காரு" என்றாள் டெனிஸ்.

பிப்ரவரி 17

மேலாளர் ட்ரம்மண்ட் அந்தக் குப்பை எழுத்தை அச்செடுத்து மேசைமேல் போட்டார்.

"இதைத் திற."

"என்னால முடியாது" என்றார் ஆர்வோ.

"நீதானே எழுதின?"

"எழுதினேன். பூட்டினேன். சாவி எங்கிட்ட இல்லை."

ட்ரம்மண்ட் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்குமுன் டெனிஸ் சொன்னாள்: "அது சங்கத்துக்கு வந்த கடிதம், சார். உங்களுக்கு வந்ததில்லை."

ஆளை வைத்துத் திறந்து காட்டுகிறேன் என்று கத்திவிட்டுப் போனார். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது, தொடலாம், கிழிக்கலாம். படிக்க மட்டும் முடியாது. தேவாலயத்தில்கூட நான் அப்படி மூச்சடங்கி உட்கார்ந்ததில்லை.

பிப்ரவரி 23

திறக்க முடியவில்லையாம்.

மார்ச் 2, செவ்வாய்

ஆய்வாளர்கள் தாங்களே இறங்கி அளந்தார்கள். புது விசிறிகள் வரும்வரை மூன்றாம் மட்டம் மூடல். ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. வெறும் தலைப்பை வைத்து எதையும் நிரூபிக்க முடியாமல் ஆர்வோவின் இடைநீக்கத்தையும் விலக்கிக்கொண்டார்கள்.

மதியம் ஜன்னல் வழியே உறைந்து கிடந்த ஏரியைப் பார்த்தேன். பட்டப்பகலில், வேலைநாளில், மூன்றாம் மட்டத்து ஆட்கள் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஆர்வோவும்.