மச்சானுக்குப் போன பேர்

செப்டம்பர் 7, திங்கள்

இன்று லேபில் மூன்று பல்செட் செய்து முடித்தேன். ஒன்று அச்சு அசலாக அமைந்துவிட்டது. அதனால் டாக்டர் அதைத் தானே செய்ததாக, அதைப் போட்டுக்கொள்ள வந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை பயானில் பள்ளிவாசல் ஹஜ்ரத் பேசியதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. "உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு நல்ல காரியம் வெச்சுக்குங்க. மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா அது வியாபாரம்."

என்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடமெல்லாம் பாசி. போன வாரம் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நான் தேய்க்கப் போகிறேன். லேபில் அது சாப்பாட்டு நேரம்தான்.

செப்டம்பர் 9, புதன்

தேய்த்தேன். யாரும் பார்க்கவில்லை. உள்ளே ஃபேனுக்கு அடியில் மச்சான் மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரர். வேலை போனதிலிருந்து அக்காவின் வாய்க்குப் பயந்து மத்தியானத் தூக்கம் இங்கேதான்.

செப்டம்பர் 15, செவ்வாய்

மனசு பஞ்சுபோல இருக்கிறது. இது யாருக்கும் தெரியாது என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

செப்டம்பர் 18, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் செயலாளர் — ஹார்டுவேர் கடை முதலாளியும் அவர்தான் — எல்லோர் முன்னாலும் மச்சானின் தோளில் கை போட்டார். "சத்தம் காட்டாம தினமும் பாசி தேய்க்கிறது யாருன்னு கேட்டீங்களே, இவர்தான்!"

மத்தியானத்தில் அங்கே இருக்கிற ஒரே ஆள் மச்சான்தானே!

மச்சான் பதறிப்போனார். "ஐயோ, நான் இல்லீங்க! நான் தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன்!"

"அடக்கத்தைப் பாத்தீங்களா!" என்றார் செயலாளர். கூட்டமே மாஷா அல்லாஹ் என்றது. நானும் சொன்னேன். வாயளவில்.

செப்டம்பர் 19, சனி

எரியுது. வயிறு பத்திக்கிட்டு எரியுது. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சது எனக்கு, பாராட்டு அவருக்கா?

டாக்டர் பேர் வாங்கும்போது வலிக்கவில்லையே, இது மட்டும் ஏன்? — அங்கே சம்பளம் வந்துவிடுகிறது. அப்படியானால் இங்கே அல்லாஹ்விடமிருந்து சம்பளம் வராது என்றா நினைக்கிறேன்? நல்ல ஈமான்டா உனக்கு!

செப்டம்பர் 21, திங்கள்

செயலாளரிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு? கடை வாசலில் கால் வைக்கும்போது அக்காவின் போன்.

"உன் மச்சானுக்கு வேலை கிடைச்சிடுச்சுடா! ஹார்டுவேர் கடைக் கிடங்குச் சாவியையே கையில குடுத்துட்டாராம் முதலாளி. யாரும் பாக்காதப்பவும் வேலை செய்யிற ஆளுன்னு சொன்னாராம்டா!" சொல்லிக்கொண்டே அழுதாள். "நான்தான் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துட்டேன்."

அவள் சந்தோஷமாக அழுது எத்தனை நாளாயிற்று! நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சாவி திரும்பிப் போய்விடும்.

கடைக்குள் நுழைந்தாகிவிட்டது, சும்மா திரும்ப முடியுமா? ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். வீட்டில் எந்தக் கதவுக்கும் தேவையில்லை. என் வாய்க்குத்தான் தேவை.

செப்டம்பர் 22, செவ்வாய்

தேய்க்கப் போகவில்லை. பேர் அவருக்குப் போன பிறகு எனக்குப் பிரஷ் எதற்கு?

செப்டம்பர் 24, வியாழன்

மனசு கேட்கவில்லை, போனேன். அங்கே மச்சான் பேன்ட்டை முட்டி வரை சுருட்டிவிட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். கடையில் சாப்பாட்டு நேரமாம்.

"நான் இல்லை, நான் இல்லைன்னு தொண்டை கிழியச் சொல்லிட்டேன். முதலாளிகிட்ட தனியாவும் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. இனிமேலாவது அதை உண்மையாக்கிடலாம்னுதான்" என்றார்.

இன்னொரு பிரஷை எடுத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். மூலை வரை தேய்த்தோம். முடிந்ததும் மச்சான் கைகளைக் கழுவிக்கொண்டு அப்படியே துஆ கேட்க ஏந்திவிட்டார்.

"யா அல்லாஹ், அது யாருன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். என் குடும்பத்துக்கே வழி பண்ணிட்டாரு அந்த மனுஷன். அவருக்கு நீண்ட ஆயுசைக் குடு. அவரு மனசை நிறைச்சு வை. இவ்வளவும் குனிஞ்சு தேய்ச்சிருக்காரு பாவம், அவரு இடுப்பைக் காப்பாத்து."

எனக்காக யாரும் இப்படிக் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஆமீன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. மச்சான் திரும்பிப் பார்த்தார்.