திருவேங்கடத்தில் தொலைந்த வரிகள்

இன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. கரண்ட் போய்விட்டது. தயிர்ச்சோறு பிசைந்த கையோடு எழுந்து மேசைக்கு ஓடினேன். ஓடிப்போய்ச் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நான் கடைசியாகத் தட்டிய வரிவரைக்கும் டிஸ்க்கில் ஏறியிருக்கும். அப்படி ஏறும்படி நீதான் எழுதிவைத்திருக்கிறாய். தெரிந்தும் ஓடிவிட்டேன். எச்சில் கை காய்ந்துபோகும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே உன் அப்பாவின் பாத்திரக்கடையில் யாரோ ஒரு குடத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. நீ போன பிறகும் இந்த மாடி அறையை எனக்கே விட்டுவைத்திருக்கிறார்கள்.

நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்று உன் அம்மாவுக்குக்கூட நம்மால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. "லாரி எடை போடுத கம்ப்யூட்டர்" என்று அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். அது ஒன்றும் தப்பில்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, லாரி ஏறுகிற எடைமேடைகளுக்கான பெட்டியைச் செய்கிறது. அந்தப் பெட்டியோடு பேசி, அதற்குச் சரியான எடையைப் பழக்கிவைக்கிற புரோகிராமை நாம் சி மொழியில் எழுதினோம். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பெட்டி ஒரு வரி பதில் சொல்லும், அவ்வளவுதான்.

முதலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டவேண்டியிருந்தது. உனக்கு அது எரிச்சல். ஒருநாள் சாயங்காலம் காபி ஆறுவதற்குள் அதற்கு வழி செய்துவிட்டாய். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய வரிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"ரெண்டே ஃபங்ஷன்ட்டி ஜெபா. ஆரம்பிக்கும்போது ஃபைல வாசிக்கணும், முடிக்கும்போது ஃபைல்ல எழுதணும். நடுவுல எல்லாம் மெமரியில கெடக்கட்டும்."

அன்றைக்கு அது ஒரு சௌகரியம், அதற்குமேல் ஒன்றுமில்லை. முடிக்காமலே நின்றுபோனால் என்ன ஆகும் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை.

பிறகு உனக்குத் தலைவலி வந்தது. கண்ணாடி மாற்றினாய், காபியைக் குறைத்தாய். ஆடித்தபசுத் திருவிழா நேரம், நம் ஊர் ரத வீதிக் கூட்டத்தில் நடந்துகொண்டிருக்கும்போது, "ரூமப் பூட்டிட்டியாட்டி?" என்று கேட்டாய். பூட்டிவிட்டேன் என்றேன். நாலு கடை தள்ளி மறுபடியும் கேட்டாய், அதே குரலில், அப்போதுதான் தோன்றியதுபோல. கூட்டத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். மூளையில் இருந்த கட்டியில் பெரும்பகுதியை எடுத்தாகிவிட்டது, மீதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது என் வேலையாகிவிட்டது.

தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நீ இந்த அறைக்குத் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நீ எழுதுகிற சி அப்படியே இருந்தது, ஒரு செமிகோலன்கூடத் தப்பவில்லை. ஆனால் சில நேரம், நீ சற்றுமுன் செய்த வேலை உன் நினைவிலிருந்து விட்டுப்போய்விடும். முகத்தில் ஒன்றும் தெரியாது. கை மட்டும் கீபோர்டின்மேல் அசையாமல் நிற்கும். பிறகு மேல் அம்புக்குறியை அழுத்துவாய். ஒரு வரி, இன்னொரு வரி. "ஓ, இவ்வளவு தூரம் வந்துட்டேன் போல," என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாய்.

நான் பார்ப்பதைக் கவனித்து ஒருநாள் என்னிடம் நேராகவே சொன்னாய். "கோயம்புத்தூர்க்காரங்ககிட்ட சொல்லிராதட்டி. பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லுவாங்க. ரெஸ்ட் எடுத்து நான் என்ன செய்யப் போறேன்?"

சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து போன் வரும்போதெல்லாம் பயந்துகொண்டு நானே ஓடிப்போய் எடுத்தேன். அதைவிட அந்த ஃபைல்தான் பெரிய பயமாக இருந்தது. முறையாக க்விட் கொடுத்து வெளியே வந்தால்தான் வரிகள் ஃபைலுக்குப் போகும். நீயோ அதை மறந்துவிட்டு திரை மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடிவிடுவாய். அன்று காலையிலிருந்து செய்தது அத்தனையும் போய்விடும். இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் இன்னும் மோசம். கடைசியாக மூடுவது தன்னிடம் இருப்பதை மட்டும் எழுதி, முன்னால் மூடியது எழுதியதை அழித்துவிடும். நீ சாப்பிடக் கீழே இறங்குகிற நேரத்தில் நான் எழுந்து வந்து, உன் ஜன்னலில் க்விட் கொடுத்து, மறுபடி திறந்துவைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். உனக்கு அது தெரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பக்கத்தில் இருக்கிற திருவேங்கடம் ஊர் எடைமேடைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனசே இல்லை. மக்காச்சோளம் அறுவடை தொடங்கியிருந்தது. புது மேடை, உடனே வேண்டும் என்று அதன் சொந்தக்காரர் அண்ணாச்சி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "பஸ்ல ஒக்காந்துதான போறேன், என்னத் தூக்கிட்டா போறே?" என்று சொல்லிவிட்டு நீ எனக்கு முன்னால் படியிறங்கினாய்.

அங்கே செய்யவேண்டியது எளிமையானது. மேடை காலியாக இருக்கும்போது, இதுதான் சைபர் என்று பெட்டிக்கு ஒரு வரி. எடை தெரிந்த ஒரு லாரியை ஏற்றி நிறுத்தி, இது இவ்வளவு என்று ஒரு வரி. பிறகு அதைப் பதிந்துகொள் என்று ஒரு வரி. சங்கரன்கோவிலில் எடை போட்டுச் சீட்டு வாங்கிய ஒரு ஜல்லி லாரி வந்தது. நீ கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாய். நான் வெளியே நின்று டிரைவருக்குக் கை காட்டினேன். பின் சக்கரம் விளிம்பில் இருந்தது. அவர் முன்னே எடுத்தார், பின்னே வந்தார், மறுபடி முன்னே எடுத்து நடுவில் நிறுத்தினார். நான் உள்ளே வந்தபோது நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்து டிரைவர் வண்டியை இறக்கி எடுத்துக்கொண்டு போனார். அந்த நேரத்தில் மின்விசிறி நின்றது. அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் கிடையாது.

கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது. காலி மேடைக்குப் பெட்டி சைபர் காட்டியது; லாரியின் எடையைச் சரியாகப் பழகியிருக்கிறதா என்று அதில் தெரியாது. நீ நம் புரோகிராமைத் திறந்து மேல் அம்புக்குறியை அழுத்தினாய். போன வாரம் இந்த அறையில் உட்கார்ந்து தட்டிய வரிகள் வந்தன. திருவேங்கடத்தில் தட்டியது ஒன்றுகூட இல்லை. மறுபடி அழுத்தினாய். உன் காதோரம் வேர்ப்பதைப் பார்த்தேன்.

"ஜெபா, சீட்டுல இருந்த எடையச் சரியாக் குடுத்தனா, எண்ண மாத்திக் குடுத்தனா?"

"நான் வெளிய நின்னேன்ட்டி. பாக்கல."

"பதியச் சொன்னனா?"

"தெரியலயே."

வெளியே மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டியிருந்தன. அண்ணாச்சி கதவில் சாய்ந்து நின்று, "என்னம்மா, சைபர் காட்டுதுல்லா? வண்டிய ஏத்தச் சொல்லவா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. சரியாகத்தான் கொடுத்திருப்பாய். எத்தனையோ மேடைக்குக் கொடுத்தவள் நீ. நான் வாயைத் திறக்குமுன் நீ பேசிவிட்டாய்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் என்ன குடுத்தேன்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. அந்த லாரியத் திரும்பக் கூப்பிடுங்க."

"தெரியலன்னா எப்படி? நீங்கதான உள்ள ஒக்காந்து அடிச்சிய?"

"ஆமா, நான்தான். எனக்குத் தலையில ஆபரேஷன் ஆயிருக்கு. சில நேரம் விட்டுப்போவும்."

என்னைத் தவிர யாரிடமும் சொல்லாததை, முகம்தெரியாத ஒருவரிடம், டிராக்டர்காரர்கள் காதுபடச் சொல்லிவிட்டாய். அவர் கோயம்புத்தூருக்கு இப்போதே போன் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உன் ஸ்கார்ஃபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து லாரி டிரைவரைத்தான் கூப்பிட்டார். "ஏலே, எங்கன போற? வண்டியத் திருப்பு."

லாரி திரும்பி வந்து ஏறி நின்றபோது, பெட்டி காட்டிய எடை சீட்டில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அந்த மேடையில் ஏறுகிற ஒவ்வொரு டிராக்டரிலும் மூட்டை மூட்டையாகக் காணாமல் போயிருக்கும். முன்வரிசை டிராக்டரில் இருந்த ஒரு பெரியவர் இறங்கி வந்து, கண்ணாடி வழியாக அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, திரும்பிப்போய் ஏறி உட்கார்ந்தார். எந்த வரியால் தப்பு வந்தது என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தோம். இந்தத் தடவை அண்ணாச்சியே வெளியே போய் லாரிக்குக் கை காட்டினார். நான் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இறங்கியபின், "நாளைக்கு அந்த ரெண்டு ஃபங்ஷனையும் தூக்கிப் போடணும்ட்டி," என்று மட்டும் சொன்னாய். எனக்கோ போன் பயம். கோயம்புத்தூரிலிருந்து அந்த வாரமெல்லாம் வந்த எந்த அழைப்பிலும் திருவேங்கடம் பற்றிப் பேச்சே இல்லை. அண்ணாச்சி கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

முன்பு காபி ஆறுமுன் செய்த வேலை, இந்தத் தடவை உனக்கு வாரக்கணக்கில் ஆனது. நீ எழுதுவாய், இடையில் விட்டுப்போகும், எழுதியதை வாசித்து மறுபடி பிடிப்பாய். இனி முடிக்கும்போது எழுதுவது என்பதே கிடையாது. என்டர் தட்டிய உடனே அந்த ஒரு வரி ஃபைலின் கடைசியில் சேரும். எத்தனை ஜன்னல் திறந்தாலும் ஒன்றை ஒன்று அழிக்காது. எழுதச் சொன்னால் மட்டும் போதாது, சிஸ்டம் அதைத் தன் கையில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும், டிஸ்க்கில் இறக்கியாகிவிட்டதா என்று கேட்டு வாங்கவேண்டும் என்றாய். கேட்டு வாங்கினாய்.

பிறகு சோதனை. நான் வரி தட்டத் தட்ட நீ பிளக்கைப் பிடுங்கினாய். "டிஸ்க் கெட்டுப்போவும்ட்டி, போதும்," என்று கெஞ்சினேன்.

"கெட்டா இப்ப நம்ம கண்ணு முன்னால கெடட்டும். திருவேங்கடத்துல கெட வேண்டாம்."

கீழேயிருந்து உன் அம்மா குரல் கொடுத்தார்கள். "ஏட்டி, எதுக்கு அந்த மெசினப் போட்டுப் போட்டு அமத்துதிய? நல்லாத்தான இருந்துச்சு?" அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு, ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

ஒரு தடவை நான் தட்டிய வரி பாதியில் நின்றுவிட்டது. மறுபடி திறந்தபோது ஃபைலின் கடைசியில் அரை வரி கிடந்தது. அதை அழித்துவிடலாம் என்றேன். தப்பான கட்டளையாகப் போய்விடுமே என்ற பயம். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "அழிக்காத. இது முடியாத வரின்னு ஒரு குறி போட்டுக் காட்டிட்டாப் போதும். இங்கன என்னமோ நடந்துச்சுன்னாவது தெரியணும்லா?" இப்போதும் புரோகிராம் அப்படித்தான் காட்டுகிறது.

அதற்குப் பிறகு நான்கைந்து மேடைகளுக்கு நாம் சேர்ந்து போனோம். எங்கேயும் தப்பு வரவில்லை. இருந்தாலும் பஸ் படியில் நீ கால் வைக்கும்போதும், குளியலறைக் கதவை உள்ளே தாழ் போடும்போதும் நான் பக்கத்தில் வந்து நின்றுகொள்வேன்.

கட்டி திரும்ப வந்தபோது அது முதலில் உன் கண்ணைத்தான் பிடித்தது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன என்றாய். வீட்டில் படுக்கையை ஜன்னலோரம் போட்டார்கள். நான் லேப்டாப்பைக் கொண்டுவந்து கட்டில் அருகே வைத்து வேலை பார்த்தேன். தட்டுகிற ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொன்னாய். வாசிப்பேன். நீ கண்ணை மூடியபடியே கேட்டு, சரி என்றால் "ம்" என்பாய். அதற்குப் பிறகுதான் நான் என்டர் தட்டவேண்டும். தப்பு இருந்தால் "ம்" வராது. நான் திரும்பப் பார்த்தால், ஒரு எண் இடம் மாறியிருக்கும். உன் பெயரும் என் பெயரும் சில நாள் உனக்கு விட்டுப்போயின. அந்த "ம்" மட்டும் ஒருநாளும் தவறான இடத்தில் வந்ததில்லை. கடைசி வாரத்தில் அது வர நேரமானது. தூங்கிவிட்டாயா, வரியில் தப்பா, வேறு ஏதாவதா என்று தெரியாமல், என்டருக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு மேடைக்குத் தனியாகப் போனேன். லாரி நடுவில் நின்றதை நானே வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எடையைத் தட்டிவிட்டு வரியைச் சத்தமாக வாசித்தேன். மேடை வைத்திருக்கிற அம்மா கதவருகில் நின்று, "யாருட்டம்மா பேசுதிய?" என்று கேட்டார்கள்.

"கூட வேலை பாக்கிறவகிட்ட," என்றேன்.

அவர்கள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு என்டர் தட்ட முடியவில்லை. வரியை இன்னொரு தடவை, எண் எண்ணாக, மெதுவாக வாசித்தேன். நீ "ம்" சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன். பிறகுதான் தட்டினேன்.