கடுகுக் குடும்பம் இல்லை

டெல்லி, 3.8.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. சிந்துஜாவுக்கு ஆறாம் மாதம். கால் வீங்கிக் கிடக்கிறது. "மாசமா இருந்தா அப்படித்தான்" என்கிறார் டாக்டர். என் காலும் வீங்குகிறதே!

நான் வேலை செய்யும் எண்ணெய் மில்லில் முதலாளி ஒரு டின் கடுகெண்ணெய் சும்மா கொடுத்தார். அதில்தான் சமையல். பக்கத்து வீட்டு கமலாவுக்கும் கொஞ்சம் கொடுத்தோம். மில் மூட்டையிலிருந்து எடுத்த ஒரு பிடி கடுகை இத்துடன் வைத்திருக்கிறேன், எல்லா விதையும் ஒரே மாதிரி இல்லை. காலேஜில் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறாயே, பார்த்துச் சொல்.

தம்பி செழியன்

வேங்கிக்கால், 11.8.1998

அன்புத் தம்பிக்கு,

அந்த எண்ணெயைத் தொடாதே என்று அடித்த தந்தி கிடைத்திருக்கும். கடுகு உருண்டை, தடவினால் வழவழப்பு. நீ அனுப்பியதில் பாதி விதைகள் லென்ஸில் வலை போட்டதுபோல் குழிகுழியாக இருக்கின்றன. சந்தேகம் தீர, கலெக்டர் ஆபீஸ் பின்னால் காலி மனையில் களையாக மண்டிக் கிடக்கும் பிரமதண்டு முள்செடியில் ஒரு காயைப் பறித்து உடைத்தேன். அதே விதை. பூ மஞ்சள்தான், ஆனால் கடுகுப் பூவுக்கு நாலே இதழ், இதற்கு ஆறு. இது கடுகுக் குடும்பமே இல்லையடா. விஷம்.

டின்னோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. கமலாவிடமும் சொல். "மலையச் சுத்திக் கும்பிட்டுட்டு வரேன், ஒண்ணும் ஆவாது"னு அம்மா கிளம்பிவிட்டாள். எனக்கு அப்படி நம்பக்கூட முடியவில்லை.

அக்கா மதிவதனி

டெல்லி, 20.8.1998

அக்கா,

மில்லில் கேட்டேன். "எல்லா மூட்டையிலும் களை விதை இருக்கும்" என்று முதலாளி சிரித்தார். சத்தம் போட்டேன், வேலை போயிற்று. சிந்துஜா ஆஸ்பத்திரியில். இதயம் பலவீனமாம், இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாதாம். அடுத்த கட்டிலில் கமலா. "நான்தானேங்க ஊத்திக் குடுத்தேன்"னு சிந்துஜா அழுதுகொண்டே இருக்கிறாள்.

செழியன்

வேங்கிக்கால், 29.8.1998

செழியா,

அங்கே வர ரயிலில் இடம் கிடைக்கவில்லை. இன்று வகுப்பில் இந்த இரண்டு விதைகளையும் காட்டினேன். "கண்டுபிடிச்சிட்டா அப்புறம் என்ன மேடம் செய்யணும்?" என்றாள் ஒரு பெண். பாடத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு வரியாவது எழுது.

அக்கா

டெல்லி, 9.9.1998

அக்கா,

சிந்துஜா பிழைத்துவிட்டாள். குழந்தை தங்கவில்லை. கமலா போய்விட்டாள்.

அவள் புருஷன் தினமும் வந்து வாசலில் நிற்கிறார். கோபமில்லை. "அந்த எண்ணெயில் என்ன இருந்தது?" என்று மட்டும் கேட்கிறார். பிரமதண்டு, பிரமதண்டு என்கிறேன். அவருக்குப் புரியவில்லை. இந்தியில் அதற்கு என்ன பெயர், அக்கா?

செழியன்