உன் பங்குக்கு வந்த பீங்கான் கழுதை

லுர்சாக், பிரான்ஸ்,
ஜனவரி கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஐல்சாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், என் வலது முட்டியும் சுகமாகிக்கொண்டு வருகிறது, ஹாலிஃபாக்ஸில் நீயும் வாரனும் எப்படி இருக்கிறீர்கள், உங்கள் வாசலில் பனி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. முதலில் ஒன்று. இந்த உறைக்குள் பஞ்சு சுற்றி ஒரு பொருள் வைத்திருக்கிறேன், அதை இப்போது பிரிக்காதே, கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுப் பிரி. உன்னை எனக்குத் தெரியாதா, நாலு வயதிலேயே கிறிஸ்துமஸ் பொட்டலத்தை ஓரமாகக் கிழித்து எட்டிப் பார்த்தவள் நீ. அப்புறம் அந்தப் படம். பக்கத்து வீட்டு யோப்பை உனக்குத் தெரியும், போன முறை நீ வந்தபோது அவர்கள் வழக்கப்படி உன் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தானே அந்த ஹாலந்துக்காரன், இங்கே குடியேறின வெளிநாட்டுக்காரர்கள் கூடுகிற எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைவர் அவன்தான், அவன் அந்தப் படத்தைக் கூட்டத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கவே கூடாது. நீ அதைப் பார்த்துவிட்டு அம்மா அம்மா என்று செய்தி மேல் செய்தி அனுப்பியிருந்தாய். மேஜைத் துணிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் என்னுடையவைதான், மறுக்கவில்லை, அந்தப் பச்சைக் காலுறை நீ வாங்கி அனுப்பியதுதானே. இரண்டு பக்கமும் நிற்கிற பூட்ஸ் தீயணைப்புக்காரர்களுடையது. போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், கடைசியில் நீ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வைப்பேன், அதனால்தான் சுகம், கடிதம் வருகிறது என்று மட்டும் பதில் போட்டேன். கடிதத்தில் உன்னால் நடுவில் புகுந்து பேச முடியாது.

கிறிஸ்துமஸ் அன்று நீ கேட்டது காதிலேயே இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் கீழ்வீடு காலியாகிறது, பிப்ரவரி முடிவதற்குள் சொல்லும்மா, வந்துடும்மா என்றாய். நான் ஏதோ சாக்குச் சொன்னேன். உடனே நீ, "அங்க இருக்கிறதெல்லாம் உன்ன மாதிரியே பிழைக்க வந்த கிழங்கட்டைங்க. நீ விழுந்தா யாரும்மா வந்து தூக்குவா?" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் பிழைக்க வரவில்லை, வெயிலுக்கு வந்தோம் என்று சொல்லலாம் என்றால் வெளியே மூன்று வாரமாக மழை. உண்மையைச் சொல்கிறேன், புத்தாண்டு கழிந்ததும் இந்த வீட்டை விற்றுவிடலாம் என்று தரகரின் அட்டையை வாங்கிவந்து ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியும் விட்டேன். எங்கள் கூட்டத்து ஜில் ஊரைவிட்டுப் போனதும் ஒரு காரணம். அவளும் அவள் வீட்டுக்காரரும் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் கூப்பிட்டார்களாம். போகுமுன் சாமான்களை வாசலில் பரப்பி விற்றாள், எனக்கு வேண்டவே வேண்டாத ஒரு டோஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன், கூட்டத்தில் இன்னொருத்தியான பமேலா ஜில்லின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே விளக்குக்குப் பேரம் பேசினாள். அன்று வீட்டுக்கு வந்து, இனி நம்முடைய டோஸ்டரையும் யாராவது வாங்கிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். உன் அப்பா போன பிறகு அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு வந்ததில்லை. மற்றபடி ஊர் நன்றாகவே இருக்கிறது, மாதம் ஒருமுறை நம் ஊர் மீன் வறுவல் வண்டி வருகிறது, வரிசையில் இப்போது எங்களைவிட பிரெஞ்சுக்காரர்கள்தான் அதிகம், வறுவல்மேல் தெளிக்கிற வினிகரைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு இரண்டு பொட்டலமாக வாங்கிப் போகிறார்கள். நம் பூனை வழக்கம்போல யோப் வீட்டில் ஒருமுறையும் நம் வீட்டில் ஒருமுறையும் சாப்பிடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ எப்போதும் ஆகஸ்ட்டில் வருகிறவள், இங்கே ஜனவரிக் கூத்து உனக்குத் தெரியாது. ஜனவரி பிறந்துவிட்டால் நாலு பேர் கூடின இடமெல்லாம் ராஜா கேக் வெட்டியாக வேண்டும், தையல் வகுப்பானாலும் சரி, பல் டாக்டர் வீடானாலும் சரி. கேக்குக்குள் விரல் நுனி அளவு ஒரு பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும், யார் துண்டில் அது வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம், அடுத்த கேக் வாங்கிப் போடுவதும் அவர் பொறுப்பு. தில்லுமுல்லு நடக்கக் கூடாது என்பதற்காக, கூட்டத்தில் வயதில் சின்னவர் மேஜைக்கு அடியில் போய் உட்கார வேண்டும், மேலே துண்டு போடுகிறவர் இது யாருக்கு, இது யாருக்கு என்று கேட்க, கீழே இருந்து பெயர் சொல்ல வேண்டும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் சரி. எங்கள் கூட்டத்தில் இத்தனை வருடம் ஜில்தான் குழந்தை, அவள் குனிந்து புகுந்துவிட்டு வந்துவிடுவாள். இப்போது அவள் இல்லையே. போன வியாழன் நகராட்சிச் சின்ன மண்டபத்தில் கேக்கை நடுவில் வைத்துவிட்டு யோப், "இப்ப யார் சின்னவங்க?" என்றான் பார், அந்தக் கண்கொள்ளாக் காட்சிக்கு நீ இருந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக அறுபத்தைந்தாவது பிறந்தநாள் கொண்டாடிவருகிற பமேலா எழுந்து, தனக்கு எழுபத்தாறு என்று பெருமையாக அறிவித்தாள். அமெரிக்கா டுவைட், "என் இடுப்பே புதுசு, அதுக்கு ரெண்டு வயசு, மத்ததெல்லாம் எண்பது" என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வயசு தெரிய அட்டையைக் காட்டுங்க என்றால், பமேலா குளிக்கும்போதுகூடக் கூடவே வைத்திருக்கிற தங்கும் அனுமதி அட்டை அன்றைக்குப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட்டதாம். ஊரறிய உள்ளதைச் சொல்லித் திரிந்தவள் நான் ஒருத்திதான், எழுபது. "அப்ப உள்ள போ, பாப்பா" என்றான் யோப். இந்த வருடம் அதை விட்டுவிடலாமே என்றேன். அவன் கேட்கவில்லை, போன வருடம் டுவைட் பீங்கான் தெரிந்த துண்டைப் பார்த்துவிட்டுத் தட்டைச் சுழற்றினதை இன்னும் மனதில் வைத்திருக்கிறான்.

போனேன். உள்ளே போவது சுலபம்தான், ஐல்சா. அடியில் உட்கார்ந்தால் உலகமே பாதமாக இருக்கிறது, டுவைட் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறான், பமேலா காலுக்கொரு நிறத்தில் காலுறை. யோப் இது யாருக்கு என்பான், நான் பமேலாவுக்கு என்பேன், இது யாருக்கு, டுவைட்டுக்கு, உனக்கு, எனக்கு என்று போய்க்கொண்டிருந்தது. தலைக்கு ஒன்று போக எப்போதும் ஒரு துண்டு அதிகமாக வெட்டுவார்கள், அது கதவைத் தட்டி வருகிறவர்களுக்கு. கடைசித் துண்டுக்கு, வர்றவங்களுக்கு என்று சொல்ல வேண்டும், ஜில் வருடா வருடம் அப்படித்தான் சொல்வாள், நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஐல்சாவுக்கு என்று வந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதை ஏன் உன்னிடம் மறைக்க வேண்டும், உன்னை நினைக்காத நாள் எனக்கு இல்லை, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மேஜைக்கு அடியில்தான் இடம் கிடைத்தது. பமேலா துணியைத் தூக்கி ஒரு காகிதக் கைக்குட்டையை மட்டும் நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை, அவள் எவ்வளவு வாயாடியானாலும் அந்த ஒன்று அவளிடம் நல்ல குணம்.

சரி, எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. வலி என்று பெரிதாக இல்லை, மடங்கின கால் மடங்கினபடியே நின்றுவிட்டது. மெல்லப் புரண்டு மல்லாந்து கால்களைத் துணிக்கு வெளியே தள்ளினேன், அதற்குமேல் முடியவில்லை. யோப் ஒரு கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுக்க, டுவைட் இன்னொரு கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுக்க, நான் இரண்டு பேரையும் வாயில் வந்தபடி திட்டினேன். அதற்குள் பமேலா தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டாள். என்ன ஆபத்து என்று கேட்டார்களாம், "லோர்னா மேஜைக்கு அடியில இருக்கா" என்றாள். குடிச்சிருக்காங்களா என்றதற்கு, "இன்னும் பாட்டிலே திறக்கலைங்க" என்றாள். அவர்கள் வந்து நின்றபோதுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது, ஏனென்றால் வந்தது வேறு யாரும் இல்லை, எங்கள் தெருமுனை பேக்கரி சில்வானும் பள்ளிக்கூடச் சமையற்காரி நதேஜும். இங்கே தீயணைப்புக்காரர்கள் என்றால் தனியாக யாரும் கிடையாது, இடுப்பில் மாட்டியிருக்கிற அழைப்புக் கருவி கூவினால் அவரவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிற ஊர்க்காரர்கள்தான். சில்வானின் முழங்கையில் மாவு அப்படியே இருந்தது. ஆறு வருடமாக அவனிடம் ரொட்டி வாங்குகிறேன், வணக்கத்துக்கும் நன்றிக்கும் மேலே ஒரு பேச்சுப் பேசியதில்லை, இப்போது அவன் தரையில் மண்டியிட்டு, "மேடம், எங்க வலிக்குது? உங்க பேர் சொல்லுங்க" என்கிறான். "தினமும் ஒரு ரொட்டி, நல்லா முறுகினது" என்றேன். சிரித்துவிட்டு எழுந்தான், எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான், "ஏங்க, மேஜைய நகர்த்தியிருக்கலாமே" என்றான். நானும் சேர்த்து நாலு நாட்டு அனுபவஸ்தர்கள் அங்கே இருந்தோம், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. நதேஜும் அவனும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள், நான் மேலே மண்டபத்துக் கூரையைப் பார்த்தேன், காலைப் பதமாக நீவி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதற்கு ஒரு நிமிடம் முந்தி எடுத்ததுதான் நீ பார்த்த படம்.

அவர்கள் கிளம்புகிறார்கள், யோப் விடவில்லை, கதவைத் தட்டி வந்தவர்களுக்குத்தானே அந்தத் துண்டு என்று அதிகப்படித் துண்டை சில்வான் கையில் வைத்தான், நதேஜுக்கு என் துண்டைக் கொடுத்தேன். சில்வான் ஒரு கடி கடித்தான், அப்படியே நின்றான். வாயிலிருந்து எடுத்தால் ஒரு குட்டிப் பீங்கான் கழுதை. சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. "காலைல நானே உள்ள வச்சேன், நானே கண்டுபிடிச்சேன், மறுபடி நானே கேக் செஞ்சு கொண்டுவரணுமா, இது என்னங்க அநியாயம்" என்று அவன் கத்த, நதேஜ், "முதல்ல அந்தத் துண்டுக்கு யார் பேர் சொன்னாங்க, அதக் கேளு" என்றாள். பமேலா என்னைக் காட்டினாள். கனடாவில் இருக்கிற என் மகளுக்குச் சொன்னது என்று நானே சொன்னேன். சில்வான் கழுதையைச் சட்டையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான். "அப்ப அவங்கதான் ராணி. அடுத்த கேக் அவங்க பொறுப்பு. தபால்ல அனுப்ப முடியாது, நேர்ல வந்து வாங்கச் சொல்லுங்க" என்றான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் கதவுக் கைப்பிடியில் ஒரு ரொட்டி தொங்குகிறது, நல்லா முறுகினது. நதேஜ் பள்ளிக்கூடத்து சூப்பைத் தூக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறாள். யோப் விறகை அடுப்புப் பக்கமே அடுக்கிவிட்டான், டுவைட் வேர்க்கடலை பிஸ்கட் கொண்டுவந்து கல்லுப் போல இருக்கிற அதை நான் தின்னும்வரை நின்றுகொண்டிருந்தான், பமேலா இரண்டு ராத்திரி என் சோபாவில் படுத்தாள், அவள் குறட்டைக்கு என் முட்டி வலியே தேவலை. டாக்டர் எலும்பு நன்றாக இருக்கிறது, மேஜைக்கு அடியில் மட்டும் இனிமேல் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். நீ கேட்டாயே, யாரும்மா வந்து தூக்குவா என்று. அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம். நான் வரவில்லை கண்ணு. தரகரின் அட்டையை எடுத்துவிட்டேன், அந்தக் காந்தம் இப்போது உன் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் ஆசை குறைந்து இதைச் சொல்லவில்லை, கீழ்வீட்டில் உட்கார்ந்து மேலே நீ எப்போது வருவாய் என்று காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாவாக ஆக எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டை நல்ல ஆளாகப் பார்த்து விடச் சொல், பாட்டுச் சத்தம் வைக்கிறவர்களாக இருக்க வேண்டாம்.

வெறும் வயிற்றில் காபி குடிப்பதை நிறுத்து. வாரன் ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா என்று பார், பனி வழிக்கப் போகும்போது தொப்பி போடச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாய், ஒருத்தருக்கு ஒருத்தர் துணையாய் நெடுங்காலம் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி.

இப்போது பஞ்சைப் பிரி. கழுதைக்கு ஒரு காது கொஞ்சம் உடைந்திருக்கும், அது தபாலில் உடைந்ததில்லை, சில்வான் பல். பத்திரமாக வை, அடுத்த ஜனவரி அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வா, கேக் உன் பொறுப்பு. நாற்பத்தோரு வயதில் எங்கள் கூட்டத்தில் நீதான் குழந்தை, மேஜைக்கு அடியில் நீதான் போக வேண்டும். நான் மேலே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். யோப் இது யாருக்கு என்று கேட்கும்போது, அம்மாவுக்கு என்று நீ கீழே இருந்து சொல்வதை என் காதால் கேட்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா,
லோர்னா