இடது கையின் இரண்டு விரல்கள்

இன்று காலை பால்காரர் வண்டி நம் வீட்டு முக்கில் திரும்பும்போது அந்த வாடை வந்தது. கிளட்ச் பிளேட் கருகும் வாடை. அது மூக்கில் ஏறினால் நான் இருந்த இடத்தில் இருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். கையிலிருந்த காபியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். முழங்கால் இருக்கிற லட்சணத்தில் அதை ஓட்டம் என்று சொல்லக் கூடாதுதான். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் காபியில் ஆடை படிந்திருந்தது. மருமகள் ஒன்றும் சொல்லாமல் வேறு காபி போட்டுக் கொடுத்தாள். நீயாக இருந்தால் மத்தியானம் வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

அதிலிருந்து நிலைகொள்ளவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. எழுதி எந்தத் தபால் பெட்டியில் போடுவீர்கள் என்று கேட்காதே. எழுதினால் கொஞ்சம் அடங்குவேன் என்று ஒரு நப்பாசை, அவ்வளவுதான்.

நம்மிடம் இருந்த அந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? எழுபதுகளின் தொடக்கம். நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். நான் காரைக்குடியில் ஓர் உரக்கடைக்கு விற்பனை ஆளாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். உனக்குப் பிள்ளையார்பட்டிக்கு அப்பால், சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர் வேலை. காலையில் அந்தப் பக்கம் போகிற ஒரே பஸ் மணி அடித்த பிறகுதான் அங்கே போய்ச் சேரும். அதனால் உன்னைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. அந்த வருஷம் அங்கே ஒரு நிரந்தர இடம் காலியானது. உன் பெயரும் இன்னொரு டீச்சர் பெயரும் பேச்சில் இருந்தன. நீ அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் தினமும் சேலை மடிப்பை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாய்.

அந்த நேரம் பார்த்து வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சமதரையில் போகும். கண்மாய்க்கரை ஏற்றம் வந்ததும் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருகச் சத்தம்தான் கூடுமே தவிர வேகம் கூடாது. பிறகு அந்த வாடை வரும். நான் இறங்கித் தள்ளுவேன், நீ டிபன் பையோடு பின்னால் நடந்து வருவாய். அப்படி இரண்டு நாள் பிரேயர் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். இரண்டாவது நாள் பெரிய சிஸ்டர் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதை, சாயங்காலம் சோறு வடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்.

"இன்னொரு நாள் இப்படி வந்தா அந்தப் பிள்ளை பேரைத்தான் எழுத வேண்டியிருக்கும்னு சொல்லிட்டாக."

சொல்லிவிட்டுக் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. மெக்கானிக் காசிம் பாயிடம் கொட்டினேன்.

பாவம் அந்த மனுஷன். ஏற்கெனவே ஒரு தடவை வண்டியைப் பிரித்து, கிளட்சுக்குள் இருக்கிற கார்க் பிளேட்டெல்லாம் மொழுமொழுவென்று கருகிக் கிடந்ததைக் காட்டி, புதுப் பிளேட் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு மாதத்தில் அதுவும் கருகியது. இரண்டாவது தடவை பிரித்தபோது நீயும் என்னோடு கடைக்கு வந்திருந்தாய். ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், மறுபடி பிளேட் மாற்றினார். ரயில்வே கேட் வரைக்கும் அவரே ஓட்டிப்போய்த் திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"நான் ஓட்டுனா நல்லாத்தாண்ணே போகுது. ஒங்ககிட்ட வந்தாத்தான் கருகுது."

அவர் மனதில் பட்டதைச் சொன்னார். எனக்கு அது சுருக்கென்றது. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால், "நீ போடுறது பழைய பிளேட்டு. வேலை தெரியலேன்னா கடையச் சாத்திட்டுப் போ" என்று கத்தினேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வருகிற வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறமும் இரண்டு நாள் நறுக்கென்றுதான் பதில் வந்தது.

மூன்று வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. சங்கடஹர சதுர்த்தி வேறு. பிள்ளையார்பட்டிக்கு நடந்து போகிறவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போனார்கள். தேங்காய்க் கூடை, கைக்குழந்தை, குறுக்கே ஓடும் ஆடு. நான் ஹாரனும் கையுமாக அவர்களுக்குள் நுழைந்து நுழைந்து போய், ஊரைத் தாண்டி, ஆளில்லாத செம்மண் சாலையில் ஏறி, அதே கண்மாய்க்கரைக்கு வந்தபோது இன்ஜின் கத்தியது. வாடை வந்தது. வண்டி நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் மூன்று மைல்.

இறங்கி வண்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான். நீ மடைக் கட்டையில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாய்.

"ஏங்க, செத்த இங்குட்டு வந்து உக்காருங்க."

"உக்கார்ற நேரமா இது? மணி என்ன தெரியுமா?"

"தெரியும். வாட்ச் எங்கிட்டத்தான இருக்கு. இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம் கெடக்கு. வண்டி ஆறட்டும்."

"அந்த காசிமை இன்னைக்குச் சும்மா விட மாட்டேன்."

"அவரை எதுக்கு வையிறீக? கோளாறு வண்டியில இல்ல. ஒங்க கையில இருக்கு."

எனக்குப் புரியவில்லை. நீ எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தனியாகப் பிரித்துக் காட்டினாய்.

"இந்த ரெண்டும்தான். கூட்டத்துல போறப்ப கிளட்ச் லிவர் மேல வைக்கிறீக, சரி. ரோட்டுல ஈ காக்கா இல்லாதப்பவும் அங்கனயே வச்சிருக்கீக. சும்மாவும் வைக்கல, அழுத்திக்கிட்டே வாரீக. மூணு வாரமா பாத்துக்கிட்டுத்தான் வாரேன்."

லிவரைப் பிடித்தால் பிளேட்டுகள் விலகும், முழுசாக விட்டால்தான் ஒன்றோடொன்று இறுகும், பாதி பிடித்தால் உரசிக்கொண்டே கிடந்து கருகும் என்று காசிம் பாய் அன்றைக்கு உனக்குக் காட்டியிருக்கிறார். "நீங்க எங்க நின்னீக? டீ குடிக்கப் போயிட்டீக" என்றாய். உண்மைதான். அவர் பிளேட்டை அடுக்கி முடிப்பதற்குள் நான் மூன்று டீ குடித்திருந்தேன்.

உன்னைத் தவிர வேறு யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வண்டியைச் சோதித்தவர்கள் எல்லாம் நான் இல்லாமல் அதைச் சோதித்தார்கள். நீயோ சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக, இடது பக்கம் பார்த்து உட்கார்ந்து வருகிறவள். கிளட்ச் லிவரும் அந்தப் பக்கம்தான். போகப் பன்னிரண்டு மைல், வரப் பன்னிரண்டு மைல் என்று நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன், நீ என் கையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

"அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"நீங்க அந்த மனுசரைப் பேசுன பேச்சுல எனக்கு ஒங்ககூடப் பேசவே பிடிக்கல."

கருவிப் பையை எடுத்து, கேபிள் முனையிலிருந்த நட்டைத் தளர்த்தி, லிவரில் ஒரு காசு கனத்துக்கு ஆட்டம் வருகிற மாதிரி வைத்தேன். பிளேட் பாதி கருகிவிட்டது, முறுக்கினால் மறுபடி வழுக்கும், மெல்ல உருட்டினால் போகும் என்று தோன்றியது. மெல்லப் போவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா. நீ ஏறி உட்கார்ந்தாய். எப்போதும் சீட்டுக் கம்பியைப் பிடித்து வருகிறவள், அன்றைக்கு என் இடது இடுப்பைப் பிடித்தாய்.

"வெரல் அங்க போச்சுன்னா கிள்ளுவேன்" என்றாய்.

கிள்ளினாய். அந்த மூன்று மைலில் பதினொரு தடவை. வேண்டுமென்று வைக்கவில்லையடி, விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. ஆடு தெரிந்தால் போகும், வளைவு தெரிந்தால் போகும், ஒன்றுமே தெரியாவிட்டாலும் போகும். நடக்காத ஒன்றுக்காக நான் எந்நேரமும் தயாராக இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓர் ஏற்றத்தில் ஒரு மாட்டு வண்டி நம்மைத் தாண்டிப் போனது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பள்ளிக்கூட வாசலில் பிரேயர் பாட்டின் கடைசி அடி கேட்டது. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, பிள்ளைகளின் கடைசி வரிசைக்குப் பின்னால் போய்க் கைகூப்பி நின்றுகொண்டாய். பெரிய சிஸ்டர் வராந்தாவிலிருந்து உன்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அடுத்த மாதம் அந்த இடம் உனக்கு வந்தது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கேதான் இருந்தாய்.

அன்று சாயங்காலம் என்னைக் காசிம் பாய் கடைக்கு அனுப்பினாய். "நீங்க போயிச் சொல்லாட்டி நான் போயிச் சொல்லுவேன்" என்றாய். அதற்கு இது தேவலாம் என்று போனேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "கோளாறு என் கையிலதான் பாய்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "தங்கச்சி கண்டுபுடிச்சுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாளையில இருந்து தங்கச்சிய இங்க வேலைக்கு அனுப்புங்கண்ணே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வண்டியை விற்ற பிறகும் உன் கிள்ளல் நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் நான் எழுந்தால் கிள்ளுவாய். மகன் பரீட்சைக்குக் கிளம்பும்போது நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தால் கிள்ளுவாய். மாதா கோயிலில் ஆண்கள் பக்கம் தனி என்பதால் பிரசங்கத்தின்போது மட்டும் தப்பித்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாளை எழுத வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தேன். கை இங்கே வந்து நிற்கிறது. மத்தியானம் மூன்றரை மணி. டாக்டர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. நான் அதுவரை எட்டு தடவை வராந்தாவுக்குப் போய் வந்திருந்தேன், நர்ஸோடு இரண்டு தடவை சண்டை போட்டிருந்தேன். ஒன்பதாவது தடவை எழுந்தேன். உன் கை கட்டில் ஓரத்தில் கிடந்தது. அது என் இடது இடுப்பில் வந்து பட்டது. கிள்ளுவதற்கு அந்த விரல்களில் தெம்பு இல்லை. சட்டைத் துணிதான் கொஞ்சம் கசங்கியது.

"இருங்க" என்றாய்.

உட்கார்ந்தேன். இருபது நிமிஷத்தில் நீ போய்விட்டாய். அன்றைக்கு நீ தொடாமல் இருந்திருந்தால் நான் வராந்தாவில் யாரோடாவது கத்திக்கொண்டு நின்றிருப்பேன்.

பால்காரரிடம் நாளைக் காலையில் சொல்ல வேண்டும். பிளேட்டை மாற்றுவதற்கு முன்னால் இடது கையைப் பாருங்கள் என்று. இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போய் வந்துவிட்டேன். அங்கே ஒன்றும் இல்லை, யாரும் வரவும் இல்லை. ஐந்தாவது தடவை எழுந்தபோது, நீ பிடிக்கிற அதே இடத்தில் நானே கிள்ளிக்கொண்டேன். வலிக்கவே இல்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.